கிட்டங்கியில் வெள்ளம்: எமது கணக்கு எந்தக் கரையில்?

மாரி காலத்தில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்வதும், நாவிதன்வெளிக்கும் கல்முனைக்கும் இடையில் போக்குவரத்துத் தடைப்படுவதும் எம்மவர்களுக்குப் புதிய விடயமல்ல. எனக்கு நாவிதன்வெளியில் ஒரு நெல் ஸ்டோர், கல்முனையில் ஒரு ஹார்ட்வெயார் கடை. இரண்டினதும் கணக்கு கல்முனைக் கடையிலிருந்த ஒரே கணினியில்தான் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாரியில் மூன்று நாட்கள் பாதை மூடப்பட்டது. அந்நேரம் பார்த்து நிலுவையைத் தீர்க்கக் காசுடன் வந்தார் ஒரு விவசாயி. எவ்வளவு நிலுவை என்று என்னால் சொல்ல முடியவில்லை. "காக்கா, உங்கட கணக்கும் ஆத்துக்கு அங்கால நிண்டுட்டா?" என்று கேட்டுச் சிரித்தார். காசு திரும்பிப் போனது. வெட்கம் எனக்கு மிஞ்சியது.

அதன் பின்னர் 2023 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில், கணினித் துறையில் தொழில் புரியும் எனது மருமகனின் உதவியுடன் கணக்கை "கிளவுட்" கணினிக்கு மாற்றினேன். அதில் நான் கண்ட நன்மையையும் பட்ட பாட்டையும் வியாபார சகோதரர்களுடன் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது என்ன விடயம்?

வழமையாக நாம் கணக்கு மென்பொருளை எமது கணினியிலேயே ஏற்றி வைத்திருப்போம். கிளவுட் முறையில் அந்த மென்பொருள் தொலைவிலுள்ள ஒரு தரவு நிலையத்துப் பெரிய கணினியில் ஓடுகின்றது. எமது மேசைக்கு இணையம் வழியாக வருவது அதன் திரைப் படம் மாத்திரமே. நாம் தட்டும் எழுத்தும் மௌஸின் அசைவும் அங்கு செல்லும். வேலை அங்கு, பார்வை இங்கு.

அமேசான் நிறுவனம் வேர்க்ஸ்பேசஸ் என்ற பெயரில் இச்சேவையை 2014 இல் சந்தைக்கு விட்டது. மைக்ரோசொப்ட் 2019 இல் ஒன்றையும், 2021 இல் விண்டோஸ் 365 என்ற மற்றொன்றையும் கொண்டு வந்தது. இவற்றில் முழுக் கணினியையும் வாடகைக்கு எடுக்கலாம். ஒரு மென்பொருளை மாத்திரம் பணியாளர்களின் திரைக்கு அனுப்பும் சேவைகளும் உள்ளன. எம்மைப் போன்றோருக்கு அருகிலுள்ள அமேசானின் நிலையங்கள் சிங்கப்பூரிலும் மும்பாயிலும் ஹைதராபாத்திலும் அமைந்துள்ளன.

நன்மைகள் பல. இரு கடைகளும் ஒரே கணக்கைப் பார்க்கின்றன. மென்பொருளின் புதிய பதிப்பை ஓரிடத்தில் ஏற்றினால் போதும். எந்தப் பணியாளர் எதைத் திறக்கலாம், எதைப் பிரதி எடுக்கக் கூடாது என்பதை முதலாளியே தீர்மானிக்கலாம். கடைக் கணினி பழுதானால் இன்னொன்றில் இருந்து உள்ளே போகலாம். பெரிய சக்தியுள்ள கணினியும் தேவையில்லை.

கண்ணைத் திறந்த செய்தி

அவ்வாண்டு செப்டெம்பரில் வெளிவந்த ஒரு செய்தி என்னை உலுக்கியது. அரச திணைக்களங்களின் மின்னஞ்சலைத் தாங்கி நின்ற லங்கா அரச கிளவுட் கட்டமைப்பு, ஓகஸ்ட் 26 ஆம் திகதி கப்பம் கோரும் வைரஸ் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குரிய மின்னஞ்சல்களுக்குப் பிரதி இருக்கவில்லை. மூன்று மாதங்களுக்கும் மேற்பட்ட கடிதங்கள் போனது போனதுதான். அங்கு பயன்படுத்தப்பட்ட மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பதிப்புக்கான ஆதரவு அவ்வருடம் ஏப்ரலிலேயே முடிவடைந்திருந்தது.

அன்றிரவே மருமகனைத் தொலைபேசியில் அழைத்தேன். "தம்பி, நம்மட கணக்குட பிரதி எங்க கிடக்கு?" என்றேன். சற்று மௌனம். "மாமா, அதுவும் அதே கணினியிலதான் இரிக்கு" என்றார். எனக்குத் தூக்கம் வரவில்லை. மருமகனையும் குறை சொல்ல முடியாது. கிளவுட்டில் போட்டால் யாரோ பாதுகாப்பார்கள் என்று நானும்தான் நம்பியிருந்தேன். கணினியை வாடகைக்குத் தரலாம்; கணக்கைக் காக்கும் பொறுப்பை வாடகைக்குக் கொடுக்க முடியாது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி மார்க்கம் எமக்குக் கட்டளையிட்டிருக்கின்றது. எழுதியதைப் பாதுகாப்பதும் அதன் பகுதிதானே?

இதில் இறங்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை

ஒன்று, பிரதி. வாரம் ஒருமுறையாவது கணக்கின் பிரதியை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எடுத்து, கடையில் அல்லாமல் வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை அப்பிரதியைத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி பிரதியே அல்ல.

இரண்டு, சாவி. சேவைக் கணக்கு உங்கள் பெயரிலும் உங்கள் தொலைபேசி இலக்கத்திலும் இருக்க வேண்டும். அமைத்துத் தருபவரின் பெயரில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு பணியாளருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுங்கள். விலகிச் செல்பவரின் அனுமதியை அன்றே நீக்குங்கள். எனது கடையிலிருந்து விலகிய ஒருவரின் அனுமதி நான்கு மாதங்கள் திறந்தே கிடந்தது. அவர் நல்லவர் என்பதால் தப்பினேன்.

மூன்று, மின்சாரமும் இணையமும். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டைக் கண்டோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடே இருளில் மூழ்கியது. இணையம் நின்றால் கிளவுட் கணினியும் கண்ணை மூடிக்கொள்ளும். எனவே ரவுட்டருக்கு ஒரு பேட்டரி, இன்னொரு நிறுவனத்தின் சிம், கையால் எழுதும் பில் புத்தகம் ஆகிய மூன்றும் கடையில் இருக்கட்டும்.

நான்கு, வாடகை. பெரும்பாலும் டொலரிலேயே பில் வரும். 2022 மார்ச்சுக்கு முன்னர் டொலர் ஏறத்தாழ 200 ரூபா; மே மாதமளவில் 360 ரூபா. 20 டொலர் வாடகை 4,000 ரூபாவிலிருந்து 7,200 ரூபாவாக ஏறியிருக்கும். மணிக்கணக்கு வாடகையா, மாத வாடகையா என்பதையும், உங்கள் கணக்கு மென்பொருளின் உரிமம் கிளவுட்டில் ஓட்ட இடமளிக்கின்றதா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

ஐந்து, வெளியேறும் வழி. வேர்க்ஸ்பேசஸில் ஒரு கணினியை நீக்கினால் அதிலுள்ள பயனாளரின் தரவும் அழிந்துவிடும். ஆகவே மூடுவதற்கு முன் அனைத்தையும் வெளியே எடுங்கள்.

எல்லோருக்கும் இது தேவையா?

இல்லை. ஒரு கடை, ஒரு கணினி, ஒரு கணக்கப்பிள்ளை என்றிருப்பவருக்கு இச்செலவு வீண். அவருக்கு ஒழுங்காக எடுக்கும் பிரதியே போதுமானது. இல்லையேல் சென்னையைத் தளமாகக் கொண்ட ஸோகோ நிறுவனத்தின் ஸோகோ புக்ஸ் போன்று, இணைய உலாவியிலேயே இயங்கும் கணக்கு மென்பொருள் ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று கிளைகள் உள்ளவர்களும், பழைய மென்பொருளை விட முடியாதவர்களுமே முழுக் கிளவுட் கணினியைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

இப்போது கிட்டங்கியில் தண்ணீர் ஏறினாலும் எனது கணக்கு இரு கரையிலும் நிற்கின்றது. அதன் பிரதி வீட்டு அலுமாரியில் இருக்கின்றது. இக்கட்டுரையை வாசித்து முடித்ததும் உங்கள் கணினியைப் பார்ப்பவரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள்: எமது கணக்கின் பிரதி எங்கே இருக்கின்றது? பதில் வரத் தாமதித்தால், இன்றே அதற்கொரு வழி செய்யுங்கள்.