இரத்தம் கழுவும் நாள் வருமுன்

செலாயாங் மொத்தச் சந்தையில் ஊர் உறங்கும் நேரத்தில்தான் வியாபாரம் சூடு பிடிக்கும். லாரிகள் வருவதும், மூட்டைகள் இறங்குவதும், விலை பேசி முடிவதும் சுப்ஹுக்கு முன்னரே ஆகிவிடுகின்றன. இரவைப் பகலாக்கி உழைக்கும் வியாபாரிக்குக் கால் வீங்கினால் ‘நின்ற அலுப்பு’ என்று தோன்றும். சோர்வு வந்தால் ‘தூக்கம் போதவில்லை’ என்று தோன்றும். சோறு வேண்டாமென்றால் ‘பித்தம்’ என்று சொல்லிக்கொள்வார். இவை மூன்றும் சிறுநீரகம் தளர்ந்ததற்கும் அடையாளமாக இருக்கக்கூடும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

மலேசியாவில் வயது வந்தோரிடையே நீடித்த சிறுநீரக வியாதி உள்ளவர்கள் 2011ஆம் ஆண்டு ஆய்வின்படி நூற்றுக்கு 9 பேர். 2018ஆம் ஆண்டு ஆய்வின்படி நூற்றுக்கு 15 பேருக்கும் அதிகம். பின்னைய ஆய்வில் வியாதி இருப்பதாகக் கண்டவர்களுள், தமக்கு அது இருப்பதை அறிந்திருந்தோர் நூற்றுக்கு ஐவரே. இந்நாட்டில் புதிதாக இரத்தம் கழுவத் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு மூல காரணம் இனிப்புநீர். நம்மவர் வீடுகளில் இனிப்புநீர் இல்லாத வீடு எத்தனை என்று நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

வியாதி வராமல் தடுப்பது பற்றிப் பல பேர் பேசுகிறார்கள். நாம் இங்கு எழுத முற்பட்டது, வியாதி முற்றிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்ட சகோதரர்களுக்காக. அவர்களிடையே ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். செய்தியை மனைவியிடம் பாதி சொல்லுவார். கூட்டாளியிடம் சொல்லவே மாட்டார். சரக்குக் கடன் தருவோர் காதில் விழுந்தால் தவணை சுருங்கிவிடுமென்று அஞ்சுவார். அவ்வச்சத்தில் நியாயமில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அப்படி மறைத்துக் கழிக்கும் மாதங்கள்தாம் ஆயத்தம் செய்துகொள்வதற்கென்று கிடைத்த மாதங்கள்.

ஆயத்தம் என்றால் என்ன? முதலில் டாக்டர் சொல்லும் எண்ணை அறிந்துகொள்ள வேண்டும். இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று ஓர் எண் தருகிறார்கள். அது 30க்குக் கீழே போனால் நான்காம் நிலை. 15க்குக் கீழே போனால் ஐந்தாம் நிலை. ஐந்தாம் நிலை என்றவுடனே மறுநாளே இயந்திரத்தில் படுக்க வேண்டுமென்று கலங்குவோர் உளர். அது தவறு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. எண் 10 முதல் 14க்குள் இருக்கும்போதே ஒரு சாராருக்குத் தொடங்குவதென்றும், 5 முதல் 7க்கு இறங்கும்வரை மற்றொரு சாராரைக் காத்திருக்கச் செய்வதென்றும் வகுத்தார்கள். முந்தித் தொடங்கியவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று கூறுவதற்கில்லாமற் போயிற்று. அதே சமயம், காத்திருக்க வைத்தவர்களில் முக்காற் பங்கினருக்கு, எண் 7க்கு இறங்குமுன்பே மூச்சுத்திணறல், குமட்டல், வீக்கம் முதலிய தொந்தரவுகள் கண்டு தொடங்க வேண்டியதாயிற்று. ஆகவே எண்ணும் முக்கியம், தேகம் சொல்வதும் முக்கியம். எண்ணைக் கண்டு அவசரப்படவும் வேண்டாம். தேகம் சொல்வதைக் கேளாமல் இருக்கவும் வேண்டாம்.

அடுத்தது கை. இதைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் காலம் கடத்தியவர்கள் அதிகம் வருந்துவது இதில்தான்.

இரத்தத்தைக் கழுவ வேண்டுமானால் அது வேகமாக வெளியே வந்து வேகமாகத் திரும்பிச் செல்ல வேண்டும். சாதாரண நரம்பு அதற்குத் தாங்காது. ஆகவே மணிக்கட்டிலோ முழங்கையருகிலோ நாடியையும் நரம்பையும் சிறு அறுவை செய்து ஒன்றோடொன்று இணைக்கிறார்கள். நியூயார்க்கில் பிரெஷியா, சிமினோ முதலான டாக்டர்கள் 1966இல் வெளியிட்ட முறை இது. இன்றளவும் இதைவிட மேலான வழி கண்டாரில்லை. ஆனால் இணைத்தவுடனே பயன்படாது. நரம்பு தடித்துப் பக்குவப்பட ஆறு வாரமாகலாம், மூன்று மாதமுமாகலாம். சிலருக்குப் பக்குவப்படாமற்போய் மறுபடி செய்ய நேரும். இதனாலேதான், தேவைப்படும் நாளுக்கு ஆறு மாதம் முந்தியே அறுவையை முடித்துக்கொள்ளும்படி டாக்டர்கள் வற்புறுத்துகிறார்கள். ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன், கையை ஏன் கீற வேண்டும்’ என்று தள்ளிப்போடுபவர், ஒரு நாளிரவு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்ந்து, கழுத்து நரம்பில் குழாய் செருகிக்கொண்டு தொடங்குகிறார். அக்குழாயின் நுனி இருதயத்தருகே கிடக்கிறது. அதன் வழியே கிருமி புகுந்தால் இரத்தம் முழுவதும் பரவும்.

நமது தொழிலுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. இடக்கையில் இணைப்பு செய்வதாக இருந்தால், இன்றிலிருந்தே அந்தக் கையில் ஊசி குத்த விடலாகாது. பரிசோதனைக்கு இரத்தம் எடுப்போரிடம் வலக்கையை நீட்ட வேண்டும், அதிலும் புறங்கையே நலம். இணைப்பு செய்தபின் அக்கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது. இறுக்கமான கடிகாரம் கூடாது. மூட்டையை அக்கையில் தொங்கவிட்டுத் தூக்கவே கூடாது. அதன்மேல் தலைவைத்து உறங்கவும் கூடாது. ரப்பர்ப் பந்தை அழுத்தி அழுத்திப் பயில்வது நல்லது. தினமும் காலையில் விரலை வைத்துப் பார்த்தால் பூனை உறுமுவது போன்ற அதிர்வு தெரியும். ஒரு நாள் அது தெரியாமற் போனால், கடையை எவரிடமாவது ஒப்படைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கழுவும் முறை இரண்டு. இயந்திரத்தில் கழுவுவது வாரம் மூன்று முறை, தடவைக்கு நான்கு மணி நேரம். போய்வரும் நேரம் தனி. திங்கள், புதன், வெள்ளி என்று ஒரு வரிசையும், செவ்வாய், வியாழன், சனி என்று மற்றொரு வரிசையும் நிலையங்களில் வழக்கம். ஜும்ஆ தவறக் கூடாதென்று எண்ணுவோர், இடம் கேட்கும்போதே பின்னைய வரிசையைக் கேட்டுவைப்பது நல்லது. மற்றது வயிற்றின் வழியே கழுவுவது. வயிற்றில் மெல்லிய குழாய் பொருத்தி, இரண்டு லிட்டர் அளவில் மருந்து நீரை விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து வடித்துவிடுகிறார்கள். நாளொன்றுக்கு நான்கு தடவை, தடவைக்கு அரைமணி. வீட்டிலேயே தாமே செய்துகொள்ளலாம். உறங்கும்போது இயந்திரம் தானே மாற்றிவிடும் ஏற்பாடும் உண்டு. இரவெல்லாம் சந்தையில் நின்று பகலில் உறங்குபவர் அதைப் பகலில் வைத்துக்கொள்வதா என்று டாக்டரிடம் கேட்கலாம். கடைக்குள் செய்வதாயின் வெங்காயச் சருகும் மூட்டைத் தூசியும் படியாத தனி அறை வேண்டும். வடித்த நீர் கலங்கலாகத் தெரிந்தால் கிருமி புகுந்துவிட்டதென்று பொருள், தாமதம் கூடாது. எம்முறையாயினும், மஞ்சட்காமாலைக் கிருமி ‘பி’க்குத் தடுப்பூசியை இப்பொழுதே போட்டுக்கொள்வது பயன் தரும். மிக வயோதிகராய், வேறு பல வியாதிகளும் உடையோர், கழுவாமல் மருந்தாலேயே துன்பத்தைத் தணித்துக்கொள்வதும் ஒரு வழியே. குடும்பத்தார் அதை டாக்டரிடம் கேட்பதில் வெட்கமில்லை.

ஆகாரத்தில் முதற்பகை உப்பு. நாளொன்றுக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஆகாது. வீட்டில் உப்பைக் குறைத்துவிட்டு, கடையில் கருவாட்டுக் குழம்பும், இக்கான் பிலிஸும், கிச்சாப்பும், நாசி கண்டார்க் கடையில் ‘குழம்பு பஞ்சிர்’ என்று கேட்டு ஊற்றிக்கொள்வதுமாக இருந்தால் என்ன பயன்? ‘உடம்புக்கு நல்ல உப்பு’ என்று விற்கும் சிலவற்றில் பொட்டாசியம் சேர்ந்திருக்கிறது. அவை இவ்வியாதிக்குக் கேடு. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் இளநீர், வாழைப்பழம், டுரியான், பேரீச்சம்பழம் ஆகியவற்றை விலக்க வேண்டும். ரமளான் காலத்தில் பேரீச்சம்பழத்தைக் கைநிறைய எடுப்பது நம் பழக்கமாதலால் இதைக் குறிப்பிட்டோம். கீரை, கிழங்கு வகைகளை அரிந்து, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். பரிசோதனையில் ஏறாதவர்கள் பயந்து எல்லாப் பழத்தையும் விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் பெலிம்பிங் என்னும் ஐங்கோணப் பழத்தை மட்டும் இவ்வியாதியுடையோர் எவரும் தொடலாகாது. அதிலுள்ள நச்சைத் தளர்ந்த சிறுநீரகம் வெளியேற்ற மாட்டாது. தீராத விக்கலில் தொடங்கி, மதிமயக்கம், வலிப்பு, மரணம்வரை போனதுண்டு.

புரதத்தைப் பொறுத்தவரை, கழுவத் தொடங்குமுன் சற்றுக் குறைவாகவும், தொடங்கியபின் முன்னிலும் கூடுதலாகவும் உண்ண வேண்டும். இது தெரியாமல் கழுவத் தொடங்கிய பின்னும் மீனையும் முட்டையையும் ஒதுக்கி இளைத்துப்போவோர் உளர்.

மூட்டு வலி, முதுகு வலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளில் பல சிறுநீரகத்தை மேலும் அடிக்கும். ஜாமு, சூரணம், லேகியம் எதுவாயினும் டாக்டரிடம் காட்டாமல் உட்கொள்ள வேண்டாம். இன்னொன்று: சிறுநீரகம் தளரத் தளர இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்குகிறது. ‘இனிப்புநீர் குறைந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்’ என்று மகிழ்ந்து பழைய அளவையே போட்டுக்கொள்பவர் நள்ளிரவில் மயங்கி விழக்கூடும். அளவைக் குறைத்துத் தரும்படி கேட்க வேண்டும்.

நோன்பு பற்றி. ஸூரத்துல் பகராவின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்குச் சலுகை அளித்திருப்பதை யாவரும் அறிவர். நான்காம், ஐந்தாம் நிலையிலுள்ளோர்க்கு நோன்பு பெரும் அபாயம் என்பதே மருத்துவர்களின் கருத்து. குணமாகும் எதிர்பார்ப்பில்லாத வியாதிக்கு, நோன்பொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவு என்ற ஃபித்யா இருக்கிறது. ஊர் என்ன சொல்லுமோ என்று கூசி நோன்பு பிடித்துத் தேகத்தைக் கெடுத்துக்கொள்வதை ஷரீஅத் கேட்கவில்லை. இயந்திரத்தில் கிடக்கும் நேரத்துத் தொழுகை, ஊசி குத்திய இடத்துக் கட்டின்மேல் ஒளு ஆகியவற்றைத் தம் மத்ஹபுக்கேற்ப ஆலிம்களிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

இனிப் பணம். மாதம் பன்னிரண்டு, பதின்மூன்று தடவை, ஆயுள் முழுவதும் என்பதை முதலில் மனத்தில் கொள்க. கடைச் சிப்பந்திக்காக முதலாளி பெர்கேசோவுக்கு மாதந்தோறும் கட்டுகிறார். தகுதியுள்ள சந்தாதாரருக்கு இரத்தம் கழுவும் செலவை அது ஏற்கிறது. ஆனால் தன் பெயரிலேயே கடை நடத்தும் முதலாளி அந்தத் திட்டத்தில் இல்லை. சுயதொழில் செய்வோர்க்கென 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த திட்டமோ தொழிலால் நேரும் விபத்து, நோய்களுக்கானது. பிறருக்குக் கட்டியவர் தமக்கென்று ஒன்றுமில்லாமல் நிற்பதை நம் கடைகளில் காணலாம். 1969இல் தோன்றிய தேசிய சிறுநீரக அறநிறுவனம் குறைந்த கட்டணத்தில் நிலையங்கள் நடத்துகிறது. வசதி குன்றியோர்க்கு ஜகாத் உதவியும் உண்டு, கேட்பதில் இழிவில்லை. செலாயாங் நகரம் சிலாங்கூரைச் சேர்ந்தது, சந்தையோ கோலாலம்பூர் மாநகர் மன்றத்தினுடையது. ஆதலால் குடியிருப்பு எந்தப் பக்கம் என்பதைப் பார்த்து, சிலாங்கூர் ஜகாத் வாரியத்தையோ கூட்டரசுப் பிரதேச இஸ்லாமிய மன்றத்தையோ அணுக வேண்டும். தாயகத்திலிருந்து அனுமதிச்சீட்டில் வந்து வேலை செய்யும் சிப்பந்திகளுக்கு அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டார் கட்டணம். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சை உண்டாகையால், அவர்கள் நடமாட்டம் உள்ளபோதே ஊர் திரும்புவதை யோசிக்கலாம்.

மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் அதுவே மேல். கழுவத் தொடங்குமுன்னரே பொருத்திக்கொள்வது இன்னும் மேல். இந்நாட்டில் முதல் மாற்று அறுவை 1975 டிசம்பரில் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் நடந்தது. 1999இல் திறந்த செலாயாங் மருத்துவமனையிலும் செய்திருக்கிறார்கள். மார்க்கத்தில் ஆகுமா என்று ஐயுறுவோர்க்கு: கண், இருதயம் மாற்றிப் பொருத்துவது கூடும் என்று தேசிய ஃபத்வாக் குழு 1970ஆம் ஆண்டிலேயே முடிவு செய்தது. உறவினர் மனமுவந்து கொடுப்பது ஒன்று. விலைக்கு வாங்குவது வேறு. ‘பணம் இருக்கிறது, சென்னைக்குப் போனால் கிடைக்கும்’ என்று தரகர் பேசும் பேச்சு நம் வியாபாரிகள் காதுக்கு எட்டாததல்ல. இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விற்பனையைக் குற்றமாக்கியது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைக் கண்டு எழுதிய ஆய்வு 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க ஏட்டில் வந்தது. அவர்களில் நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். அவர்களுள் முக்காற் பங்கினருக்கு விற்ற பின்னும் கடன் தீரவில்லை. குடும்ப வருமானம் மூன்றிலொரு பங்கு குறைந்தது. பெரும்பாலோர் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் நம் தமிழகத்து ஏழைகள். அந்தக் கொள்முதலில் நாம் கைவைக்கலாமா?

கடைசியாகப் பேரேடு. கொடுக்கல் வாங்கலைச் சாட்சியோடு எழுதி வைக்கும்படி பகராவின் 282ஆம் வசனம் பணிக்கிறது. நம் பழைய வியாபாரிகளோ பாதிக் கணக்கை நெஞ்சில் வைத்திருப்பவர்கள். யாருக்கு எவ்வளவு, யாரிடம் எவ்வளவு, எது அமானத், கூட்டாளியின் பங்கு எது என்பதை நினைவு தெளிவாக உள்ளபோதே எழுதிவிட வேண்டும். நச்சு ஏறினால் மறதியும் ஏறும். கிளினிக் நாளில் மகனையோ மருமகனையோ உடன் அழைத்துச் சென்று டாக்டர் சொல்வதை அவரும் கேட்கச் செய்வது நலம். வாரத்தில் மூன்று நாள் கடையில் யார் இருப்பார் என்பதை முடிவு செய்து, சரக்குத் தருவோருக்கு அவரை இப்பொழுதே அறிமுகப்படுத்தி, இரண்டு மூன்று தவணைகளை அவர் கையாலேயே கட்டச் செய்துவிட்டால், முதலாளி கழுவப் போகும் முதல் நாளில் லாரி வழக்கம்போல வந்து சரக்கை இறக்கும்.