சுடுவதா, விடுவதா? கணநேரத் தீர்மானமும் பயிற்சியும்

ஆசிரியர் 30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்து, முன்னறிவிப்பின்றி விட்டுவிடுகிறார். பூஜ்யக் குறியருகே விரல்களை விரித்து வைத்திருக்கும் மாணவன் அதைப் பற்றிக்கொள்கிறான். பிடி 20 சென்டிமீட்டர் குறியில் விழுமானால், அவன் எடுத்துக்கொண்ட காலம் ஏறக்குறைய 0.2 வினாடி. அடுத்த முறை, கோலை விடும்போதே ஆசிரியர் ஓர் எண்ணைக் கூறுகிறார். இரட்டைப்படை எண்ணாயின் பிடிக்க வேண்டும். ஒற்றைப்படையாயின் விழவிட வேண்டும். கோல் முழுவதும் விரல்களைக் கடக்க 0.25 வினாடியே ஆகும். எண்ணைக் கேட்டு, தேர்ந்து, பிடிக்க அது போதாது. பொறுத்தவன் கையினின்று கோல் நழுவுகிறது. அவசரப்பட்டவன் ஒற்றைப்படை எண்ணுக்கும் பிடித்துவிடுகிறான்.

தேர்வு செய்வதற்குத் தனிக் காலம் வேண்டும் என்பதை ஹாலந்து நாட்டு உடலியல் அறிஞர் டாண்டர்ஸ் 1868-இல் அளந்து காட்டினார். வழிகள் பெருகப் பெருக அக்காலம் நீளும் முறையை 1952-இல் இங்கிலாந்தின் ஹிக் விளக்கினார்.

துப்பாக்கி ஏந்திக் கடமையாற்றுவோருக்கு இது உயிரைப் பற்றிய செய்தியாகும். 1983-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டியூலர், கத்தியுடன் ஓடிவருபவன் 21 அடியை ஏறக்குறைய 1.5 வினாடியில் கடப்பான் எனக் கண்டார். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து இருமுறை இலக்கில் சுடவும் பயின்றவருக்கு அதே நேரம் ஆகிறது. 21 அடிக்குள் வருபவனைச் சுடலாம் என்று இதைப் பலர் விதியாகக் கொண்டது பெரும்பிழை. இலக்குப் பலகைமுன் நிற்பவர், சுடவேண்டும் என்பதை முன்னரே அறிந்தவர். தெருவில் நிற்பவரோ அதையும் தீர்மானிக்க வேண்டும். அதற்கான காலத்தைக் கைவிரைவினால் பெற இயலாது. பின்வாங்கியும், மேசையையோ வண்டியையோ இடையே வைத்துக்கொண்டுமே பெறலாம். (மேற்கண்ட சோதனையில் ஒரு மீட்டர் கோலைக் கொண்டால் 0.45 வினாடி கிடைக்கும். பிழைகள் குறைவதை வகுப்பிலேயே காணலாம்.)

1999 பிப்ரவரி 4-இல் நியூயார்க் நகரில் ஆயுதமற்ற அமடூ டியாலோ என்ற இளைஞர்மீது போலீஸார் நால்வர் 41 குண்டுகளைச் சுட்டனர், அவர் இறந்தார். அவர் வெளியே எடுத்தது பணப்பை. அதைத் துப்பாக்கியெனக் கருதியதாகச் சுட்டவர்கள் கூறினர். 2002-இல் உளவியலார் ஜோஷுவா கொரெலும் துணைவரும் திரையில் படங்களைக் காட்டிச் சோதித்தனர். முடிவுக்கான நேரத்தைக் குறைத்தபோது, ஆயுதமற்ற கறுப்பரைச் "சுடும்" தவறு, ஆயுதமற்ற வெள்ளையர் விஷயத்தைக் காட்டிலும் மிகுந்தது. நேரம் குறுகும்போது கண் கண்டதை விட்டு மனம் எதிர்பார்ப்பதைப் பற்றிக்கொள்கிறது.

ஆதலின் ஒரே வட்டத்தை நோக்கிச் சுட்டுப் பழகுவது மட்டும் பயிற்சியாகாது. கைப்பேசி, பணப்பை, டார்ச் விளக்கு ஏந்திய உருவங்களும் முறையின்றிக் கலந்து தோன்ற வேண்டும். சுடாமல் விட்டதற்கும் மதிப்பெண் வேண்டும். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும், தற்காப்புக்குத் தேவையானதற்கு மிஞ்சிய தீங்கை அனுமதிப்பதில்லை. சுடுவதென முடிவுசெய்யும்வரை விரல் விசையின்மேல் படாமல், சட்டத்தின் வெளிப்புறமாக நீண்டிருக்குமாறு முதல் நாளிலிருந்தே பழக்குவது நன்று; திடுக்கிடும்போது கை தானாகவே இறுகும்.