பொத்திவைத்தால் பலம் கூடுமா?

போகிமான் விளையாட்டின் தொடக்கத்தில் கைக்கு வரும் பலவீனமான பிராணியை உடனே உருமாறவிடாமல் நெடுநாள் பொத்திவைத்து வளர்த்தால், பிந்தி உருமாறும்போது அது முந்தி உருமாறியதைவிட வலிமையாக எழும் என்றொரு நம்பிக்கை, அண்ணன்மாரிடமிருந்து தம்பிமாருக்குச் சோதித்துப் பார்க்கப்படாமலே கைமாறி வருகிறது. கைத்தொலைபேசி வடிவமான ‘போகிமான் கோ’ 2016 டிசம்பரில் இலங்கைக்கு வந்தபின் அந்த நம்பிக்கை அதிலும் புதிய உருவில் ஒட்டிக்கொண்டு, களப்புக்கரையிலுள்ள சாம்பல்தீவுப் பிள்ளைகள் வரை ஓயாமல் ஒலிக்கிறது. இந்த நம்பிக்கை பொய். ஓரளவு பொய் என்றோ சில பிராணிகளுக்கு மட்டும் பொருந்தாது என்றோ தணித்துச் சொல்வதற்கும் இதில் இடமில்லை. விளையாட்டின் கணக்கை ஒரு தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்தவர் எவரும் இதை இன்னொருவருக்குச் சொல்லத் துணியமாட்டார்.

கணக்கு கடினமானதன்று. ஒரு பிராணியின் தாக்குதல், தற்காப்பு, வேகம் முதலிய வலிமைகள் ஒவ்வொன்றும் முக்கியமாக நான்கு எண்களிலிருந்து பிறக்கின்றன: அந்த இனத்துக்கே உரிய அடிப்படை எண், அந்தத் தனிப் பிராணி பிறவியிலேயே கொண்டுவந்த எண், அது மோதிய எதிரிகளால் சேர்த்த பயிற்சி எண், அது எட்டியிருக்கும் படிநிலை. விளையாடுவோர் ‘எவால்வ்’ என்று சொல்லும் உருமாற்றம் நிகழும்போது இவற்றுள் மாறுவது முதலாவது மட்டுமே. மற்ற மூன்றும் அப்படியே புதிய உடலுக்குச் செல்கின்றன. எத்தனை நாள் காத்திருந்தார்கள், எத்தனை முறை பொத்தானை அழுத்தி உருமாற்றத்தைத் தடுத்தார்கள் என்பதைக் குறித்துவைக்கும் ஐந்தாவது எண் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

1996 பெப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியான முதல் விளையாட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. நிலா மலையின் அடிவாரத்து நிலையத்தில் ஒருவன் 500 பணத்துக்கு விற்கும் மாஜிகார்ப் என்னும் கெண்டை மீன், விளையாட்டிலேயே மிகப் பலவீனமான பிராணிகளுள் ஒன்று. தாக்குதலுக்கு அதன் அடிப்படை எண் வெறும் 10. இருபதாம் நிலையில் அது கியாரடோஸ் என்னும் பெரும் நீர்நாகமாக உருமாறும்போது அந்த எண் 125 ஆகிறது. பிறவி எண் 8 என்றும் பயிற்சி எண் இல்லை என்றும் வைத்துக்கொண்டால், இருபதாம் நிலை மாஜிகார்ப்பின் தாக்குதல் 12, அதே நிலைக் கியாரடோஸின் தாக்குதல் 58. உருமாற்றத்தைத் தடுத்து நாற்பதாம் நிலை வரை இழுத்தவருடைய மாஜிகார்ப் அப்போதும் 19-இல் நிற்கிறது. அதன்பின் உருமாறினால் 111. இருபதிலேயே உருமாறவிட்டு நாற்பது வரை வளர்த்தவருடைய கியாரடோஸுக்கும் அதே 111 தான். ஆகவே காத்திருந்தவர் பெற்றது ஒன்றுமில்லை. இழந்தவையோ இருபது நிலைகள் நீண்ட போர்களும், முதல் விளையாட்டைப் பொறுத்தவரை, கியாரடோஸ் இருபதாம் நிலையில் மட்டும் கற்கும் ‘கடி’ என்னும் தாக்குதலும். அந்த நிலையைக் கடந்தபின் உருமாறும் கியாரடோஸ் அதைக் கற்க அங்கே வேறு வழி வைக்கப்படவில்லை.

கைத்தொலைபேசி வடிவத்தில் இந்தப் பொய், முதலில் பலமேற்றி அதன்பிறகு உருமாற்றினால் வலிமை கூடும் என்று வேடம் மாறுகிறது. அங்கும் படிநிலையும் பிறவி எண்களும் மாறாமல் கடத்தப்படுகின்றன. பலமேற்றும் செலவு பிராணியின் நிலையைப் பொறுத்ததேயன்றி இனத்தைப் பொறுத்ததன்று. எனவே முன்பின் வரிசை எதுவாயினும் இறுதியில் கிடைப்பது ஒரே பிராணிதான். அதற்கும் மேலே, உருமாறும் கணத்தில் தாக்குதல் முறைகள் குருட்டாம்போக்கில் புதிதாக வழங்கப்படுவதால், அவை எவை என்று கண்டறிந்த பிறகே செலவு செய்வது அறிவு. மாஜிகார்ப்புக்கு ‘கேண்டி’ எனப்படும் இனிப்பு 400 வேண்டும். ஒரு மீனைப் பிடித்தால் மூன்றும் அதை அனுப்பிவிட்டால் ஒன்றும் கிடைப்பதால், வேறு துணையின்றிச் சேர்ப்பவர் ஏறத்தாழ நூறு மீன் பிடிக்கவேண்டும். அவ்வளவு உழைத்துச் சேர்த்த பின்னும் ஒரு கட்டுக்கதைக்காக உருமாற்றத்தைத் தள்ளிப்போடச் சொல்வது, சிறுவர்களின் உழைப்பை மதிக்காத அறிவுரை.

நம்பிக்கைக்கு ஆதரவாக எடுத்துக்காட்டப்படுபவை இரண்டு. கல்லால் உருமாறும் சில பிராணிகள் உருமாறியபின் புதிய வித்தை கற்பதில்லை. முதல் விளையாட்டின் க்ரௌலித் ஐம்பதாம் நிலையில் தீச்சுவாலையைக் கற்கும், ஆர்கனைனாக மாறிவிட்டால் கற்காது. அங்கே காத்திருப்பதில் பொருள் உண்டு, ஆனால் அது வித்தைக்காகவே, வலிமைக்காக அன்று. 2010-இல் வந்த விளையாட்டுகளில், முழுமையாக உருமாறாத பிராணியின் தற்காப்பை ஒன்றரை மடங்காக்கும் ஒரு பொருள் சேர்க்கப்பட்டது. அதுவும் அணிந்திருக்கும் வரைதான், கழற்றினால் போய்விடும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. தொடக்கப் புழுக்கள் வீண் என்பது தவறு: முதல் விளையாட்டில் கேட்டர்பி ஏழாம் நிலையில் கூட்டுப்புழுவாகிப் பத்தாம் நிலையில் பட்டர்ஃப்ரீ என்னும் வண்ணத்துப்பூச்சியாகிறது, பன்னிரண்டில் அது கற்கும் மனத்தாக்குதல் முதல் அரங்கின் பாறைப் பிராணிகளை வீழ்த்தப் போதும். மாஜிகார்ப்பைப் போருக்கு அனுப்பவே முடியாது என்பதும் தவறு. அதை முதலில் நிறுத்தி உடனே வேறொன்றை மாற்றி அனுப்பினால் அனுபவப் புள்ளிகளில் அதற்கும் பங்கு கிடைக்கும், 10,000 புள்ளியில் அது இருபதாம் நிலையைத் தொடும். இந்த விளையாட்டே டார்வினின் பரிணாமத்தைக் கற்பிக்கிறது என்று சில பெரியவர்கள் பெருமைப்படுவதோ பெரும்பிழை. பரிணாமம் என்பது பல தலைமுறைகளினூடே ஒரு கூட்டத்தில் நிகழ்வது. ஓர் உயிர் தன் வாழ்நாளில் உடல் மாறுவது உருமாற்றம். விளையாட்டைப் படைத்த சத்தோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். பூச்சிகளில் நிகழ்வதும் இந்த உருமாற்றமே.

பூச்சிகளிடம் போனால் அந்தப் பொய்யின் வேரும் தெரிகிறது. முழுவளர்ச்சி எட்டிய வண்ணத்துப்பூச்சி அதன்பின் பெருப்பதில்லை. புழுவாக இருந்தபோது தின்றதே அதன் உடலின் அளவைத் தீர்மானிக்கிறது. ஆகவே இளம்பருவத்தில் நன்றாகத் தின்று பெருத்தது பின்னர் பெரிதாக எழும் என்பது இயற்கையில் மெய்யே. விளையாட்டில் உருமாறிய பிராணி தொடர்ந்து வளர்ந்துகொண்டே இருப்பதால் அங்கே அந்த விதிக்கு வேலையில்லை. மெய்யான விதி பொருந்தாத இடத்தில் பிடிவாதமாகப் பின்பற்றப்படுகிறது. பொருந்தும் இடமான சாம்பல்தீவுக் களப்பில் அதை நினைப்பவர் குறைவு என்பதே வேதனை.

களப்புக்கு வரும் இறால் கடலில் முட்டையிலிருந்து வெளிப்பட்டு, நோப்பிளியஸ், சோயியா, மைசிஸ் என்னும் மூன்று இளம் உருவங்களைக் கடந்து, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் குஞ்சாக முகத்துவாரத்தின் வழியே நீரோட்டத்தோடு உள்ளே வருகிறது. கண்டல் வேர்களுக்கிடையே சில மாதம் தின்று பெருத்த பின்பே அது கடலுக்குத் திரும்பி, ஒரு தாய் இலட்சக்கணக்கில் முட்டையிடும் பருவத்தை எட்டுகிறது. அந்தச் சில மாதங்களுக்குள் நெருக்கமான கண் கொண்ட வலை அதை வாரிவிட்டால், விலைக்கும் ஆகாத எடையில் அடுத்த தலைமுறையும் சேர்ந்தே வாரப்படுகிறது. கண்டலை வெட்டினால் தின்னவும் ஒளியவும் அதற்கு இடமே இல்லாமல் போகிறது. குஞ்சுகள் உள்ளே வரும் காலத்தில் முகத்துவாரத்தில் சிறுகண் வலை இறக்கலாகாது, கரையோரக் கண்டலில் கத்தி படலாகாது, கைக்கு வந்த சிற்றிறால் களப்புக்கே திரும்பவேண்டும்.