புல்தரையைச் சமமாக்கிய பொறி

கேள்வி: புல்வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார்? முதல் இயந்திரங்கள் இன்னும் இருக்கின்றனவா?

பதில்: இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பியர்ட் பட்டிங். அவ்வட்டாரம் கம்பளி நெசவுக்குப் பேர்போனது. துணியின் மேல் எழும்பி நிற்கும் இழைகளைச் சீவிச் சமப்படுத்த, கத்திகள் சுற்றும் உருளை ஒன்று ஆலைகளில் இருந்தது. அதையே புல்லின் மேல் ஓட்டினால் என்ன என்று யோசித்தார் பட்டிங். ஜான் ஃபெராபீ என்பவர் முதல் போட, 1830இல் காப்புரிமை கிடைத்தது.

தேனிரும்புச் சட்டம் கொண்ட அந்த இயந்திரம் 19 அங்குல அகலத்துக்குப் புல்லை வெட்டியது. பின்புற உருளை சுழல, பற்சக்கரங்கள் வழியே கத்திகளும் வேகமாகச் சுழன்றன. அதுவரை நீண்ட பிடி அரிவாளால்தான் புல்லை அறுத்தார்கள். பனி ஈரம் இருந்தால்தான் அறுப்பு நன்றாக வரும். பட்டிங்கின் பொறியோ காய்ந்த புல்லையும் வெட்டியது. லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்கியல் தோட்டம் அதை ஆரம்பத்திலேயே வாங்கியது. 1832இல் இப்ஸ்விச்சின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரிக்கத் தொடங்கியது.

பட்டிங் 1846இல் காலமானார். அவர் வடிவமைத்த இயந்திரங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. இன்றைய கிரிக்கெட் மைதானங்களில் ஓடும் உருளைக்கத்தி இயந்திரங்களுக்கும் அடிப்படை பட்டிங்கின் வடிவமைப்புதான்.