மனநோவுக்கும் அரச வைத்தியசாலையில் இலவச வைத்தியம்

ஊருக்குத் திரும்பி, வளவைத் துப்புரவாக்கி, கிணறு இறைத்து, கூரையும் போட்டாயிற்று. ஆனாலும் இரவில் நித்திரை இல்லை. நெஞ்செரிவு, பெருமூச்சு, தலையிடி, கன யோசனை. கலகலப்பாக இருந்தவர் ஒருவரோடும் கதைப்பதில்லை. வெடிச்சத்தம் கேட்டால் பிள்ளை திடுக்கிட்டு அழுகிறது. போரையும் இடப்பெயர்வையும் கண்ட குடும்பங்களில் இவை புதுமையல்ல. இவற்றுக்கு வைத்தியம் உண்டு.

“அதற்குக் காப்புறுதி வேண்டாமா?” என்று சிலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் அங்கு பெற்ற முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கக்கூடும். அது இங்கே செல்லாது. அதனால் நட்டமும் இல்லை. இலங்கையில் அரச வைத்தியசாலைகள் வரிப்பணத்தில் நடக்கின்றன. காய்ச்சலுக்கு எப்படியோ அப்படியே மனநோவுக்கும் வைத்தியரைப் பார்க்கவோ, உளவளத்துணை பெறவோ, விடுதியில் தங்கவோ கட்டணம் இல்லை. அடையாள அட்டை இருந்தால் கொண்டுபோங்கள். தொலைந்துவிட்டது என்பதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். அதைவிட, முன்பு குடித்த மாத்திரைகளின் வெற்று உறைகளும் பழைய மருந்துச் சீட்டுகளும் வைத்தியருக்கு உதவும்.

நீர்வேலியில் இருப்பவர்களுக்குக் கோப்பாய் பிரதேச வைத்தியசாலை கிட்டியது. முதலில் வெளிநோயாளர் பிரிவில் வைத்தியரைப் பாருங்கள். தேவையானால் அவர் கடிதம் தந்து, மனநலப் பிரிவுகள் உள்ள யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ அனுப்புவார். கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்திலும் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்டுப் பார்க்கலாம். வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் சொன்னாலும் வழிகாட்டுவார்.

அநேகமானோர் பிழைவிடுவது வைத்தியருக்கு முன்னால்தான். ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். மகன் காணாமற்போய்ப் பல வருடம். “தலையிடி ஐயா” என்கிறார். பனடோலோடு வீடு திரும்புகிறார். அடுத்த மாதமும் அதே கதை. வெளிநோயாளர் பிரிவில் சனநெரிசல், வைத்தியருக்கு இரண்டு மூன்று நிமிடந்தான். ஆகவே முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்: “ஒரு மாதமாக இரவில் நித்திரை இல்லை. மகனை நினைத்து அழுகை வருகிறது. சமைக்கவும் மனமில்லை.” எத்தனை நாளாக, எந்த வேலை செய்ய முடியவில்லை என்பதுதான் அவருக்குத் தேவை. மற்றவர் முன்னால் சொல்லக் கூச்சமென்றால் தனியாகக் கதைக்க வேண்டுமென்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

மருந்து தந்தால், மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கலாம். மூன்றாம் நாளே “சரிவரவில்லை” என்று விடாதீர்கள். சுகம் வந்ததும் சொந்தமாக நிறுத்தவும் வேண்டாம். பாமசியில் தாங்களாகவே நித்திரைக் குளிசை வாங்கிக் குடிப்பது பழக்கமாகிவிடும். கோவிலில் நூல் கட்டுவதை விடும்படி ஒருவரும் சொல்லவில்லை, கிளினிக்கையும் விடாதீர்கள். மகளின் கலியாணம் குழம்பிவிடுமோ என்ற பயத்தில் கிளினிக் கொப்பியை ஒளித்துவைக்கும் வீடுகள் உண்டு. ஒளித்தாலும் பரவாயில்லை, கிழிக்காதீர்கள்.

செலவே இல்லையென்று சொல்ல மாட்டோம். பஸ் காசு, ஒரு நாள் கூலி, சிலவேளை வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியில் வாங்குவது ஆகியவை இருக்கின்றன. வாங்க வசதியில்லையென்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள், வேறு மருந்து மாற்றித் தர முடியுமா என்று பார்ப்பார்.

ஒன்றைத் தள்ளிப்போட வேண்டாம். “சாகத்தான் வேணும்” என்று வீட்டில் ஒருவர் சொன்னால் பகிடியாக எடுக்காதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். வாழைக்கும் வெங்காயத்துக்கும் அடிக்கிற பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தி, பூட்டிய இடத்தில் வையுங்கள், திறப்பு வேறொருவரிடம் இருக்கட்டும். மருந்து குடித்துவிட்டாரென்றால் 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள். வாந்தியெடுக்க வைக்க முயலாமல், மருந்துப் போத்தலையும் கூடக் கொண்டுபோங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவிலும் எடுக்கலாம்.