சுடாமல் செய்யும் தேன் பாலாடைக்கட்டிக் கேக்

தேவாரம், போடிநாயக்கனூர் மலையடிவாரத்தில் கறவை மாடு வைத்திருப்போர், மிஞ்சும் பாலைத் திரித்துச் சுடாத கேக் செய்யலாம். தேனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீர் உண்டு. ஆகவே திரிந்த பாலிலும் நீர் தங்கினால் கேக் இறுகாது. பாலும் தேனும் வீணாகும்.

ஒரு லிட்டர் பசும்பாலைக் காய்ச்சி இறக்கி, சற்று ஆறியதும் எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுத் திரிக்கவும். துணியில் வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, 2 மணி நேரம் தொங்கவிடவும். நன்கு ஆறியபின் 2 மேசைக்கரண்டி தேன், 2 ஏலக்காயின் பொடி சேர்த்து மழமழப்பாகப் பிசையவும்.

60 கிராம் பிஸ்கட் தூளை 30 கிராம் உருக்கிய வெண்ணெயில் பிசறித் தட்டில் அழுத்தவும். அதன்மேல் கலவையைப் பரப்பி, குளிர்பெட்டியில் 5 மணி நேரம் வைக்கவும். 2 நாட்களுக்குள் உண்ண வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த பண்டம் எதுவும் தரக்கூடாது.