சென்னையில் ஒரு பகல்

நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையில் உள்ளது எம் ஊராகிய ஜேடர்பாளையம். ஆற்றின் குறுக்கே அணையும், அதனின்று பிரியும் இராஜ வாய்க்காலும், வெல்லம் காய்ச்சும் மணமும் உடைய அவ்வூரார்க்குச் சென்னை தொலைவிலுள்ள நகரமே. ஆயினும் ஈரோட்டில் இரவு ஏற்காடு விரைவு வண்டி ஏறின், பொழுது விடியுமுன் சென்னையை அடையலாம். யானும் என் மனைவியும், மகனும் மருமகளும், பெயரன் பெயர்த்தியரும் அங்ஙனமே சென்றோம். அன்றிரவே திரும்புதல் வேண்டும். கையிலிருந்தது ஒரு பகலே.

பெருநகர் காணச் செல்வார் பலர், ஒரே நாளில் பத்து இடங்களுக்கு ஓடி, ஒன்றையும் காணாது மீள்வர். ஆதலின் எழும்பூர் அருங்காட்சியகமும் கடற்கரையுமே போதும் என முன்னரே உறுதி செய்தோம். வண்டலூர் விலங்குகளைக் காண விழைந்த பெயரனுக்கு இதில் உடன்பாடில்லை. நிலத்தடியில் ஓடும் மெட்ரோ இரயிலில் ஏறிய பின்னரே அவன் முகம் மலர்ந்தது.

அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பெற்று, 1854-இல் எழும்பூருக்கு வந்தது. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. வெளியூரார் இதனை நினைவிற் கொள்ளல் நலம். அமராவதிச் சிற்பங்களைக் கண்டு, செப்புத் திருமேனிகள் உள்ள கூடத்தை அடைந்தோம். அங்கே திருவாலங்காட்டு நடராசர் முன் என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றாள்.

"அப்பத்தா, இது கோயில் அன்று, இவை காட்சிப் பொருள்கள்" என்று பெயர்த்தி மெல்லக் கூறினாள்.

"சாமி சாமிதானே, கண்ணு? விளக்கும் பூவும் இல்லாமல் நிற்கிறாரே!" என்று அவள் வருந்தினாள்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இத்தகைய திருமேனிகள் பல மண்ணுள் புதைந்து கிடந்தவை. அச்சம் மிகுந்த காலங்களில் ஊரார் குழிதோண்டி அவற்றை மறைத்தனர்; மறைத்தவரும் மறைந்தனர். பின்னர் நிலம் அகழ்ந்தோர் கையில் அவை வெளிப்பட்டன. புதையல்களை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்னும் சட்டம் 1878-இல் வந்தது. அஃது இல்லையேல் சில உருக்கப்பட்டிருக்கும். சில கடல் கடந்திருக்கும். பூசை இழந்தது இழப்பே. உருவமே அழிவதினும் இது நன்று என்பது என் துணிபு. என் மனைவி அதனை ஏற்றிலள்.

பெயர்த்தி, இவற்றைச் செய்யும் முறையை வினவினாள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் உருவம் அமைப்பர். அதன்மேல் வண்டல் மண்ணைக் குழைத்துப் பூசி, உலர்த்திச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண் அச்சை உடைத்தே உருவத்தை எடுத்தல் வேண்டும். ஆதலின் ஓர் அச்சில் ஒரு திருமேனியே பிறக்கும். சுவாமிமலைச் சிற்பியர் இன்றும் இவ்வாறே காவிரி வண்டல் கொண்டு வார்க்கின்றனர்.

"நம் அணையைத் தாண்டிப் போகும் காவிரியா, தாத்தா?" என்றான், அதுகாறும் வாளா இருந்த பெயரன். ஆம் என்றதும், நடராசர் அருகே சென்று நெடுநேரம் உற்று நோக்கினான்.

மாலையில் கடற்கரை சென்றோம். வழியில் விவேகானந்தர் இல்லத்தைக் கண்டோம். அமெரிக்காவினின்று கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் எழுந்த கட்டடம் அது. 1897-இல் விவேகானந்தர் அங்குத் தங்கினார். மெரினாவின் அலை காலடி மணலையும் உடன் இழுத்துச் செல்வது. ஆற்றில் நீந்தவல்ல பெயரன் அதனுள் பாய முற்பட, மகன் அவன் கையைப் பற்றிக்கொண்டான். கணுக்கால் நனையும் அளவே இருவரும் நின்றனர். என் மனைவி நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள்.